அசைபோடத் தெரியாத இயந்திரம்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களும் இடைப்பேச்சுகள் சிலவும் விடப்பட்டுள்ளன.



பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர் ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடிப் பணம் போட்டு ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அழைப்புக் கிடைத்ததும் அவரைப் பற்றிச் சிலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொன்று சொன்னாலும் ஒரு செய்தி மட்டும் எல்லோர் வாயிலும் வந்தது. எந்தப் புதுப் பாடம் நடத்தினாலும் அன்றைய வீட்டுக்கணக்கில் பாதி பழைய பாடத்திலிருந்தே இருக்குமாம். இயற்கணிதம் தொடங்கிப் பல மாதம் ஆன பிறகும் பின்னக் கணக்கு வந்துகொண்டே இருக்குமாம். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அவர் விட மாட்டார். அந்த வீட்டுக்கணக்கில் இருந்த நியாயத்தைத்தான் இன்று அறிவியல் வழியாக விளக்கப் போகிறேன்.

மூளையிடமிருந்து செயற்கை நரம்பு வலையமைப்புகள் இனி எதைக் கற்கலாம் என்பது என் பொருள். இந்தக் கடன்வாங்கல் பழையது. நியூரானை ஒரு கணக்கிடும் உறுப்பாக எழுதிக் காட்டிய மெக்கல்லக், பிட்ஸ் கட்டுரை 1943-இல் வந்தது. சேர்ந்து துடிக்கும் நியூரான்களுக்கு இடையே இணைப்பு வலுப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949-இல் எழுதினார். ஃபிராங்க் ரோசன்பிளாட் தம் பெர்செப்ட்ரானை 1958-இல் வெளியிட்டார். பல அடுக்கு வலையமைப்புக்குப் பிழையைப் பின்னோக்கி அனுப்பிக் கற்றுக்கொடுக்கும் பின்பரவல் முறையை ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் பரவச் செய்தார்கள். இன்று உங்கள் கைபேசியில் பேசும் செயற்கை நுண்ணறிவு வரை எல்லாம் இந்தப் பரம்பரைதான். நியூரான், சினாப்ஸ், ஹிப்போகாம்பஸ் போன்ற சொற்களை அப்படியே பயன்படுத்துகிறேன். நியூரான் என்பது நரம்புச் செல். சினாப்ஸ் என்பது இரு நியூரான்கள் சந்திக்கும் இணைப்பு. ஹிப்போகாம்பஸ் மூளையின் உட்புறத்தில் உள்ள ஒரு பகுதி. செயற்கை வலையமைப்பில் அந்த இணைப்பின் வலுவைக் குறிக்கும் எண்ணை எடை என்போம். கற்றல் என்பது எடைகளை மாற்றுவது.

நான் சொல்ல வந்தது ஒன்றே. மூளை கற்பதற்கு ஒரு நேரமும், கற்றதைச் சேமித்துக் காப்பதற்கு வேறொரு நேரமும் வைத்திருக்கிறது. இரண்டு வேலைக்கும் தனித்தனி இடமும் வைத்திருக்கிறது. நம் வலையமைப்புகளில் இந்த ஏற்பாடு இல்லை. நியூரானின் உருவத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்த்து வரைவதைவிட இந்த ஏற்பாட்டைக் கொண்டுவருவதே அவற்றை மேம்படுத்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு செய்திகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. பழுது எங்கே இருக்கிறது

1989-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்லாஸ்கி, நீல் கோஹன் என்ற இருவர் ஒரு சிறு வலையமைப்புக்குக் கூட்டல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் ஒன்றாம் வாய்பாடு: 1+1 முதல் 9+1 வரை, பிறகு 1+2 முதல் 1+9 வரை, ஆக 17 கணக்குகள். வலையமைப்பு பிழையில்லாமல் கற்றுக்கொண்டது. அடுத்து இரண்டாம் வாய்பாட்டை மட்டும் கொடுத்தார்கள். அதையும் கற்றது. ஆனால் இரண்டாம் வாய்பாட்டில் சில சுற்று போவதற்குள்ளேயே ஒன்றாம் வாய்பாடு அடியோடு அழிந்துவிட்டது.

குழந்தைகளும் மறக்கிறார்கள். ஆனால் எந்தக் குழந்தையும் இரண்டாம் வாய்பாடு கற்ற அன்று மாலையே ஒன்றாம் வாய்பாட்டை முழுதாகத் தொலைப்பதில்லை. வந்த வெள்ளம் இருந்த வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. இயந்திரத்துக்கு நேர்வது அதுதான். துறையில் இதற்குப் பேரழிவு மறதி என்று பெயர்.

காரணம் எளியது. இந்த வலையமைப்பில் 'மூன்றும் ஒன்றும் நான்கு' என்பதற்குத் தனி அறை கிடையாது. எல்லாக் கணக்கும் எல்லா இணைப்புகளிலும் கரைந்து கிடக்கிறது. அதனால்தான் அது பார்த்திராத படத்தையும் அடையாளம் காண்கிறது. பொதுமைப்படுத்தும் ஆற்றல் முழுவதும் அந்தக் கரைசலிலிருந்து வருவது. பின்பரவல் முறையோ, இந்த நிமிடம் கண்முன் இருக்கும் பிழையைக் குறைக்க எந்த எடையை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று மட்டுமே கேட்கிறது. அதே எடையில் நேற்றைய பாடமும் குடியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆக, பழுது வலையமைப்பின் பலத்திலிருந்தே பிறக்கிறது. இதைத் தனியே அறுத்து எறிய முடியாது.

என் வகுப்பில் மாணவர்கள் இதை ஆண்டுதோறும் செய்துபார்க்கிறார்கள். கையால் எழுதிய உயிரெழுத்துகளை அடையாளம் காண ஒரு வலையமைப்பைப் பழக்குவார்கள். பிறகு மெய்யெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பழக்குவார்கள். அதன்பின் ஓர் 'அ' எழுதிக் காட்டினால் அதையும் ஏதோ ஒரு மெய்யெழுத்து என்றே வலையமைப்பு சொல்லும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் தங்கள் நிரலில் தவறு என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுவார்கள். நிரலில் தவறு இல்லை.

பொறியாளர்கள் இந்தப் பழுதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் குவித்து, நன்றாகக் கலைத்து, ஒரே மூச்சில் பயிற்சி கொடுத்து, எடைகளைப் பூட்டிவிடுகிறார்கள். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் அப்படி உருவானவை. நீங்கள் அவற்றோடு பேசும்போது எடைகளில் ஓர் எண்கூட மாறுவதில்லை. சொன்ன செய்தி அந்த உரையாடலின் எல்லைக்குள் இருக்கும்வரை நினைவில் இருக்கும். உரையாடல் முடிந்தால் போயிற்று. முந்தைய உரையாடலை நினைவில் வைத்திருப்பதாகக் காட்டும் வசதிகளும் குறிப்பேட்டில் எழுதிவைத்து மறுபடி படித்துக்காட்டுவது போன்றவையே. திறந்தால் அழிகிறது, மூடினால் உறைகிறது. நிலைத்து நிற்பதற்கும் நெகிழ்ந்து கொடுப்பதற்கும் இடையிலான இந்த இக்கட்டை ஸ்டீபன் கிராஸ்பெர்க் போன்றோர் அரை நூற்றாண்டாகவே சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். மூளை இந்த இக்கட்டைத் தீர்த்துவைத்திருக்கிறது. எப்படி என்பதே அடுத்த கேள்வி.

2. இரண்டு வேகம், இரண்டு இடம்

விடைக்கு முதல் தடயம் ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் மொலைசனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். வாழ்நாள் முழுவதும் ஆய்வேடுகளில் எச்.எம். என்ற எழுத்துகளாக மட்டுமே இருந்தவர். பெயர் இறந்த பிறகே வெளியானது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் பொறுமையோடு சோதனைகளுக்கு உட்பட்ட அவருக்கு நினைவு பற்றிய நம் அறிவு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அதை இந்த மேடையில் நன்றியோடு சொல்லிவிட்டே மேலே போக விரும்புகிறேன்.

அவரிடம் எது போயிற்று, எது தங்கியது என்பதைக் கவனியுங்கள். குழந்தைப் பருவம் நினைவில் இருந்தது. மொழி இருந்தது, பொது அறிவு இருந்தது. கவனம் கலையாத வரை ஓர் எண்ணை மனத்தில் வைத்திருக்கவும் முடிந்தது. ஆனால் அறைக்கு வெளியே போய்த் திரும்பிவரும் மருத்துவரை ஒவ்வொரு முறையும் புதிதாகவே பார்த்தார். அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகளும் மங்கியிருந்தன. அதற்கு முன்னால் இருந்தவை தெளிவாக இருந்தன. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு, கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. அதற்கு முன் அப்படி வரைந்ததே இல்லை என்று அவர் ஒவ்வொரு நாளும் நம்பினார்.

பெரிய மொழி மாதிரி எச்.எம்.மைப் போன்றது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுவே. பழைய அறிவு முழுதாக இருக்கிறது. கையிலுள்ள உரையாடலைப் பிடித்துக்கொள்கிறது. இன்று நடந்ததை நாளைக்குக் கொண்டுபோகும் வழி மட்டும் இல்லை.

மூளையில் அந்த வழி எப்படிப்பட்டது? டேவிட் மார் 1971-இல் ஒரு கோட்பாட்டை எழுதினார்: ஹிப்போகாம்பஸ் பகலில் நடந்தவற்றைச் சட்டென்று எழுதிக்கொள்ளும் எளிய நினைவு, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்கு அது பின்னால் மாற்றித் தரப்படுகிறது. வலையமைப்புக்காரர்கள் அதைக் கையிலெடுக்க 1995 வரை ஆயிற்று. ஜேம்ஸ் மெக்லெலண்ட், புரூஸ் மெக்நாட்டன், ராண்டல் ஓ'ரைலி மூவரும் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்கு வரும் எந்த மாணவரும் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

அதில் ஒரு பென்குவின் வருகிறது. மரம், பூ, பறவை, மீன் என எட்டு உயிர்களின் இயல்புகளை ஒரு வலையமைப்பு ஏற்கெனவே கற்றிருக்கிறது. பறவை என்றால் பறக்கும், மீன் என்றால் நீந்தும் என்று அதற்குள் ஒரு வகைப்பாடு உருவாகியிருக்கிறது. இப்போது நீந்தும், பறக்காத ஒரு பறவையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பென்குவினை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் விரைவில் கற்றுக்கொள்கிறது. ஆனால் மற்ற பறவை, மீன்களைப் பற்றித் தெரிந்தது கெட்டுப்போகிறது. பழைய எட்டோடு கலந்து, இடையிடையே பென்குவினைக் காட்டினால் கற்றல் மெதுவாகவே நடக்கிறது. ஆனால் பழைய வகைப்பாட்டில் ஒரு மூலையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு பென்குவின் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு ஆழமானது. உலகத்தின் பொது ஒழுங்கைப் பிடிக்க வேண்டிய அமைப்பு மெதுவாகத்தான் கற்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்தே கற்க வேண்டும். ஆனால் ஓர் உயிரினம் அப்படி மெதுவாக இருந்தால் பிழைக்காது. பாம்பு எந்தப் புதரில் இருந்தது என்பதை ஒரே தடவையில் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளை ஒரே அமைப்பு நிறைவேற்ற முடியாது. ஆகவே இரண்டு. ஹிப்போகாம்பஸ் ஒரே தடவையில் எழுதிக்கொள்கிறது. அதில் ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் கலப்பு ஏற்படாதபடி மிகச் சில நியூரான்களே ஒவ்வொன்றுக்கும் துடிக்கின்றன. புறணி கொஞ்சம் கொஞ்சமாகக் கற்கிறது. எச்.எம்.முக்குப் பழையது தங்கியதும், அண்மை ஆண்டுகள் மங்கியதும், புதியது பதியாததும் ஆகிய மூன்றும் இந்தக் கோட்பாட்டில் இடறல் இல்லாமல் பொருந்துகின்றன.

3. அசைபோடுதல்

இரண்டு இடம் இருந்தால் போதாது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரக்கு போக வேண்டும். இங்கேதான் தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் கிடைத்திருக்கிறது. மாடு மேய்ச்சலில் கண்டதை அவசரமாக விழுங்கி முதல் இரைப்பையில் போட்டுக்கொள்கிறது. பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, உடம்பில் ஒட்டும்படி அரைத்து அனுப்புகிறது. பழைய நினைவுகளை அசைபோட்டான் என்று நாம் எழுதுவதும் இதிலிருந்து வந்ததே. மூளை உண்மையிலேயே அப்படிச் செய்கிறது என்பதற்குச் சான்று 1994-இல் கிடைத்தது.

எலியின் ஹிப்போகாம்பஸில் இட நியூரான்கள் உண்டு. எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிப்பவை. ஜான் ஓ'கீஃப் 1971-இல் கண்டறிந்து, 2014-இல் மோசர் இணையரோடு நோபல் பரிசு பெற்றது இதற்காக. மாத்யூ வில்சனும் மெக்நாட்டனும் எலி ஓடும்போது எந்தெந்த இட நியூரான்கள் சேர்ந்து துடிக்கின்றன என்று பதிவு செய்துகொண்டு, பின்னர் அது தூங்கும்போதும் பதிவு செய்தார்கள். ஓடும்போது ஜோடியாகத் துடித்தவை ஆழ்ந்த தூக்கத்திலும் ஜோடியாகத் துடித்தன. அதே நியூரான்கள் அதே வரிசையில், ஆனால் பல மடங்கு விரைவாக, ஓட்டத்தைத் திரும்ப நிகழ்த்துவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2006-இல் ஃபாஸ்டர், வில்சன் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள்: ஓடி முடித்து நின்ற எலியின் மூளையில், விழித்திருக்கும்போதே, வந்த வழி தலைகீழ் வரிசையில் ஓடுகிறது. பலன் கிடைத்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால்தானே எந்தத் திருப்பம் பயன்பட்டது என்று தெரியும்!

இது வெறும் எதிரொலியாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. 2009-இல் பாரிஸில் ஜிராடோ குழுவினர் அதைச் சோதித்தார்கள். பயிற்சிக்குப் பின் எலி ஓய்வெடுக்கும்போது, திரும்ப நிகழ்த்தலோடு வரும் விரைவு அலைகளை மட்டும் மின்துடிப்பால் கலைத்தார்கள். அந்த எலிகள் வழி கற்பதில் பின்தங்கின. அதே எண்ணிக்கையில் வேறு நேரங்களில் மின்துடிப்பு பெற்ற எலிகள் பின்தங்கவில்லை. அசைபோடுவதைத் தடுத்தால் செரிக்காது என்பது அதோடு உறுதியானது.

இயந்திரத்துக்கு இது ஏற்கெனவே ஒருமுறை பெரும் பலன் தந்திருக்கிறது. டீப்மைண்ட் நிறுவனம் 2015-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், 49 அடாரி காணொளி விளையாட்டுகளைத் திரையின் புள்ளிகளையும் விளையாட்டின் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்தே கற்கும் வலையமைப்பு விவரிக்கப்பட்டது. விளையாட்டின் அடுத்தடுத்த காட்சிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பவை. அவற்றை வந்த வரிசையில் கற்றால் வலையமைப்பு தடுமாறும். எனவே கடைசிப் பத்து லட்சம் காட்சிகளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து தற்செயலாகச் சிலவற்றை எடுத்து எடுத்துக் கற்கச் செய்தார்கள். லாங்-ஜி லின் 1992-இலேயே சொன்ன வழி அது. ஹிப்போகாம்பஸோடு அதற்கு உள்ள உறவை அந்தக் கட்டுரையே பேசுகிறது. ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி வலையமைப்பைத்தான் பழக்கினார்கள். ஒன்றைக் கற்ற வலையமைப்பை அடுத்ததற்கு அனுப்பியிருந்தால் ஒன்றாம் வாய்பாட்டின் கதைதான்.

பழைய தரவு முழுவதையும் வைத்துக்கொண்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். எப்போதும் முடியாது. நோய்ப் படங்களைப் படிக்கும் ஒரு வலையமைப்பு ஒரு மருத்துவமனையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது என்றால், முதல் மருத்துவமனையின் நோயாளிகளுடைய படங்கள் கூடவே போகக் கூடாது. தவிர, நாள்தோறும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்பிக்க ஆகும் மின்சாரம் எவ்வளவு! மூளையும் எல்லாவற்றையும் படம்பிடித்து வைப்பதில்லை. தேவையானபோது உள்ளிருந்தே புனைந்துகொள்கிறது.

இந்தப் புனைவை இயந்திரத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, வான் டெ வென், சீகல்மன், டோலியாஸ் மூவரும் 2020-இல் வெளியிட்டது. முந்தைய முயற்சிகள் பழைய படங்களைப் புள்ளி புள்ளியாக மறுபடி வரைந்து காட்டப் பார்த்தன. படம் சிக்கலானால் வரைதல் தோற்றது. இவர்கள் மூளையைப் பார்த்துக் கேட்டார்கள்: தூக்கத்தில் விழித்திரை துடிக்கிறதா என்ன? உள்ளடுக்குகளில்தானே திரும்ப நிகழ்கிறது? ஆகவே வலையமைப்பின் உள்ளடுக்குகளில் உருவாகும் வடிவங்களை மட்டும், அதன் சொந்தப் பின்னூட்ட இணைப்புகளைக் கொண்டே புனையச் செய்தார்கள். பழைய தரவு எதையும் சேமிக்காமலேயே அடுத்தடுத்த வகைகளைக் கற்க முடிந்தது. மூளையிலிருந்து எடுத்த ஒரு நுட்பமான செய்தி நேரடியாகப் பொறியியல் பலனாக மாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

4. இணைப்புக்குக் காவல்

அசைபோடுதல் ஒரு வழி. இன்னொன்று, முக்கியமான இணைப்புகளை அசையவிடாமல் காப்பது. சுண்டெலி ஒரு புதுத் திறமையைக் கற்கும்போது அதன் புறணியில் நியூரான்களின் கிளைகளில் புதிய முட்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சினாப்ஸ். அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன. ஒரு சிறு பங்கு மட்டும் நிலைத்து, வேறு பல அனுபவங்கள் வந்த பிறகும் தங்குகிறது. யாங், பான், கான் 2009-இல் காட்டியது இது.

2017-இல் டீப்மைண்டின் கிர்க்பாட்ரிக் குழுவினர் இதை எடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பாடம் முடிந்ததும் ஒவ்வோர் எடையையும் சற்றே அசைத்தால் பழைய பாடத்தில் பிழை எவ்வளவு கூடும் என்று அளந்துகொள்வார்கள். பிழை அதிகம் கூடும் எடையை விறைப்பான வில்சுருளால் கட்டுவார்கள், கூடாததை விட்டுவிடுவார்கள். பத்து அடாரி விளையாட்டுகளை ஒரே வலையமைப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்க முடிந்தது. பத்துத் தனி வலையமைப்புகளின் திறமை அளவுக்கு வரவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். பாடம் கூடக்கூடக் கட்டுகளும் கூடி, புதியதற்கு இடமில்லாமல் போகும் என்பது இதன் குறை.

மூளையின் காவல் இதைவிட நுட்பமானது. மார்கஸ் பென்னா, ஸ்டெஃபானோ ஃபூசி இருவரும் 2016-இல் ஒரு சினாப்ஸை, குழாயால் வரிசையாக இணைத்த பாத்திரங்களாகக் கற்பனை செய்தார்கள். பின்னே போகப்போகப் பாத்திரம் பெரிதாகும், குழாய் குறுகும். புதிய நினைவு முதல் பாத்திரத்தின் மட்டத்தை உடனே மாற்றும். பின்பாத்திரங்களுக்கு மெல்லக் கசிந்து, முன்பாத்திரம் கலங்கினாலும் பழைய மட்டத்துக்கு அதை இழுத்துக்கொண்டிருக்கும். நம் செயற்கை எடையோ ஒரே ஓர் எண். அதற்குக் கடந்த காலம் கிடையாது. ஓர் எடைக்கு இரண்டு மூன்று வேகங்களைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

5. எதை அசைபோடுவது

எல்லாவற்றையும் அசைபோட இரவு போதாது. தேர்வு வேண்டும். தேர்வுக்கான குறி டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் சோதனையில் குரங்கின் வாயில் பழச்சாறு விழும்போது டோபமைன் நியூரான்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு தெரிந்துகொண்டதும், துடிப்பு விளக்கின் மேல் போய்விட்டது. சாறு வரும்போது துடிப்பு கூடவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நொடியில் துடிப்பு குறைந்தது. ஆக அது மகிழ்ச்சியின் அளவு அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு. ரிச்சர்ட் சட்டன் 1988-இல் இயந்திரங்களுக்காக எழுதிய கற்றல் விதியில் வரும் பிழை அதே வேறுபாடுதான் என்பதை ஷுல்ட்ஸ், டாயன், மாண்டேக் மூவரும் 1997-இல் எடுத்துக்காட்டினார்கள். இங்கே கடன் எதிர்த்திசையில் போயிற்று. கணினிக் கோட்பாடு மூளையை விளக்கியது.

பலன் கிடைத்த நிகழ்ச்சிகளை எலியின் மூளை கூடுதலாகத் திரும்ப நிகழ்த்துகிறது. இயந்திரத்திலும், எதிர்பார்ப்பு அதிகம் பொய்த்த காட்சிகளைக் கிடங்கிலிருந்து அடிக்கடி எடுக்கச் செய்தபோது அடாரி விளையாட்டுகளில் கற்றல் விரைவானது. இதில் இனிச் செய்ய வேண்டியது, விளையாட்டைத் தாண்டி மொழிக்கும் படத்துக்கும் அந்தத் தேர்வைக் கொண்டுபோவது.

6. எதைக் கடன் வாங்க வேண்டாம்

மூளையில் இருப்பது எல்லாம் இயந்திரத்துக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. மூளையின் நியூரான்கள் மின்துடிப்புகளால் பேசுகின்றன. மூளை ஏறத்தாழ 20 வாட்டில் இயங்குகிறது. இதைப் பார்த்து, துடிப்பில் இயங்கும் சில்லுகளை ஐபிஎம் 2014-இலும் இன்டெல் 2017-இலும் வெளியிட்டன. மின்சாரச் சிக்கனத்துக்கு அவை நல்ல முயற்சி. ஆனால் துடிப்பைப் படியெடுத்ததால் மட்டும் மறதி நீங்காது. ஒன்றாம் வாய்பாட்டை இழக்கும் வலையமைப்பு, துடிக்கும் நியூரான்களால் கட்டப்பட்டாலும் இழக்கத்தான் செய்யும்.

பின்பரவல் மூளையில் நடக்க வாய்ப்பில்லை என்று பிரான்சிஸ் கிரிக் 1989-இல் வன்மையாக எழுதினார். பிழையைப் பின்னோக்கி அனுப்ப, முன்னோக்கிய இணைப்புகளின் அதே எடைகள் பின்பாதையிலும் வேண்டும். மூளையில் அப்படி ஓர் ஏற்பாடு தெரியவில்லை. 2016-இல் லில்லிகிராப் குழுவினர், பின்பாதையில் தற்செயலான எடைகளை வைத்தாலும் வலையமைப்பு கற்கிறது என்று காட்டியது வியப்பான முடிவு. மூளையைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வுகள் இன்றியமையாதவை. இயந்திரத்தை மேம்படுத்த இதுதான் முதல் வழி என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. பின்பரவல் கற்பதில் கெட்டிக்காரன். அதற்கு இல்லாதது காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மூவர் ஒரு சோதனை செய்தார்கள். பழைய மாதிரிகளில் கொஞ்சத்தை வகைக்குச் சமமாகச் சேர்த்துவைத்து, சோதிக்கும் நேரத்தில் அவற்றைக் கொண்டு முதலிலிருந்து பயிற்சி கொடுத்தார்கள். வேறு நுட்பம் எதுவும் இல்லை. மறதியைத் தீர்க்க வந்த நுட்பமான முறைகள் பலவற்றை அந்த எளிய வழி வென்றுவிட்டது. மூளையின் பெயரைச் சொல்லி வரும் எந்தப் புது முறையும் முதலில் இந்த எளிய வழியைத் தாண்டிக் காட்ட வேண்டும். அப்படித் தாண்டாத கட்டுரைகளை மாணவர்கள் நம்ப வேண்டாம்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். வேகமான நினைவு ஒன்று, மெதுவான வலையமைப்பு ஒன்று, இரண்டுக்கும் இடையே இரவு நேரத்து அசைபோடல் என்ற மூன்றும் சேர்ந்த ஏற்பாடு இன்றைய பெரிய மாதிரிகளில் இல்லை. குறிப்பேட்டில் தேடி எடுத்துப் படிக்கும் வசதி முதல் இரைப்பையைக் கொடுத்திருக்கிறது. அங்கே சேர்ந்தது எடைகளுக்குள் செரிமானம் ஆகும் வழி இன்னும் கட்டப்படவில்லை. அதைக் கட்டுவதற்குப் பெரிய நிறுவனங்களின் கணினிக் கூடங்கள் மட்டும் போதாது. எலியின் தூக்கத்தைப் பதிவு செய்யத் தெரிந்தவரும் எடைகளைக் கணக்கிடத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் உயிரியல் துறைக்கும் கணினித் துறைக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது. அதைக் கடந்து போகும் மாணவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்லாஸ்கி, கோஹன் செய்ததை இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களில் செய்யலாம். ஒன்றாம் வாய்பாட்டின் 17 கணக்குகளைக் கற்பியுங்கள். இரண்டாம் வாய்பாட்டை மட்டும் கொடுத்து, முதலாவது அழிவதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு பழைய 17-இல் ஒன்றை மட்டும் கலந்து கொடுத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். எத்தனை பழைய கணக்கு கலந்தால் பாதிக்கு மேல் தப்பிக்கிறது, எந்தக் கணக்கைத் தேர்ந்தால் அந்த எண்ணிக்கை குறைகிறது என்று எழுதிவையுங்கள். இந்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த ஆசிரியர் பாதிக்குப் பாதி என்று வைத்திருந்தார். உங்களுக்கு என்ன எண் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதுவேன்.